புது போனில் ஹெட்செட் ஜாக்கை எடுத்துவிட்டார்கள், எஃப்.எம். கேட்கிறவர்கள் என்ன செய்வது?

முதுநகர்வாசி

எல்லோரும் அந்தப் புது 15,000 ரூபாய் மாடலின் கேமராவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், நான் வேறு ஒன்று கேட்கிறேன். போன வருட மாடலில் ஹெட்செட் செருக ஜாக் இருந்தது. இந்த வருடம் இல்லை, ஹெட்செட்டைச் சார்ஜ் வாயில் செருக உதவும் கன்வெர்ட்டரும் பெட்டிக்குள் கிடையாது. 50,000 ரூபாய் போனில் எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும், அதை வாங்குகிறவர் கூடவே ஒயரில்லாத பட்ஸும் வாங்கிவிடுவார். இந்த விலைக்குப் போன் வாங்குகிறவர்கள் யார்? எங்கள் ஓ.டி.யில், அதாவது கடலூர் முதுநகரில், வலை பின்னுகிறவர், சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர், மஞ்சக்குப்பம் ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிற பெண்கள். இவர்களிடம் இருப்பது 150 ரூபாய் ஹெட்செட். ஒயர் பிய்ந்தால் அடுத்த நாளே இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அதைவிட என்னை உறுத்துவது எஃப்.எம். விஷயம். நம் போனுக்குள் ரேடியோவுக்கென்று தனி ஆன்டெனா கிடையாது, செருகுகிற ஹெட்செட்டின் ஒயர்தான் ஆன்டெனா. ஜாக் போனால் ரேடியோவும் போய்விடும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கிராமங்களில் கரன்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டவர் செத்துக் கிடந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வெளியுலகத்தைச் சொன்னது அப்பாவின் பட்டன் போனில் இருந்த எஃப்.எம். மட்டும்தான். அந்த வசதியை ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டு, மெல்லிய போன் என்று விளம்பரம் செய்கிறார்கள். யூடியூபில் ரிவ்யூ போடுகிறவர்களும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கடலோரத்தில் இருக்கிற நாமாவது பேச வேண்டாமா?

லாஸ்பேட்டை பி.டெக்.

அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோதே இந்தச் சண்டை நடந்து முடிந்துவிட்டது. ஜாக் என்பது போனுக்குள் ஒரு பெரிய பள்ளம், செருகுகிற முனையே 14 மி.மீ. நீளம். அந்த இடம் கிடைத்தால் பேட்டரி பெரிதாகும், தண்ணீர் புகாது. ஐபோன் 6எஸ்-இல் 1715 எம்.ஏ.எச். இருந்த பேட்டரி 7-இல் 1960 ஆனது, தண்ணீர், தூசு தாங்கும் ஐ.பி.67 தகுதியும் கிடைத்தது. இப்போது 800, 900 ரூபாய்க்கே கழுத்தில் மாட்டுகிற நல்ல ப்ளூடூத் நெக்பேண்ட் கிடைக்கிறது. காலேஜ் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது பக்கத்தில் இருப்பவரின் பையில் ஒயர் மாட்டி போன் கீழே விழுகிற தொல்லை இல்லை. என் வகுப்பில் ஒயர் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு.

நேருவீதி சர்வீஸ்

தம்பி, தண்ணீர்க் கதையை மட்டும் சொல்லாதீர்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்5 2014-இல் வந்தது, ஐ.பி.67. 2016-இல் எஸ்7 வந்தது, ஐ.பி.68. இரண்டிலும் ஜாக் இருந்தது, எஸ்7-இல் அதற்கு மூடிகூடக் கிடையாது. ஜாக் இருந்தால் தண்ணீர் புகும் என்பதை அவர்களே பொய்யாக்கிக் காட்டிவிட்டார்கள். பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை.

நான் சர்வீஸ் மேஜையில் பார்ப்பதைச் சொல்கிறேன். நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்று முதலில் கடிப்பது சார்ஜிங் போர்ட்டைத்தான். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கத்திலிருந்து வரும் போன்களைத் திறந்தால், டைப்-சி வாயின் நடு நாக்கில் பச்சை பூத்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த மெல்லிய பின்களில் ஒன்றிரண்டு கறுத்துப் பாதி கரைந்திருக்கும். ஜாக் இருந்த காலத்தில் பாட்டு கேட்க ஒரு வாய், சார்ஜுக்கு ஒரு வாய் என்று வேலை பிரிந்திருந்தது. ஜாக் லூஸ் ஆனால் சின்ன பார்ட், மாற்றக் காசும் குறைவு, மாற்றாமல் விட்டாலும் போன் ஓடும். இப்போது எல்லாச் செருகலும் பிடுங்கலும் ஒரே வாயில். அது லூஸ் ஆனால் சார்ஜே ஏறாது, அந்த வாய் பொருத்திய சப்-போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். பேருந்தில் ஒயர் இழுபடும்போது வளைவதும் அதே வாய்தான். கன்வெர்ட்டர் வால் தொங்கத் தொங்கப் போனைப் பாக்கெட்டில் போடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

ரேடியோ பெட்டி

லாஸ்பேட்டை தம்பி சொன்ன வரலாற்றில் பாதிதான் இருக்கிறது. ஐபோன் 7-க்கு முன்பே, அதே 2016-இல் மோட்டோ இசட் ஜாக் இல்லாமல் வந்துவிட்டது. ஆனால் ஊர் முழுக்கப் பேச வைத்தது ஆப்பிள்தான். ஜாக்கை எடுத்த அதே மேடையில்தான் ஏர்பாட்ஸ் என்ற ஒயரில்லாத பட்ஸையும் அறிமுகப்படுத்தினார்கள், அதை மறக்கக் கூடாது. ஓட்டையை அடைப்பவரும் அதற்கு மாற்றுப் பொருளை விற்பவரும் ஒருவரே. ஆனாலும் அன்று பெட்டிக்குள் ஐபோனின் லைட்னிங் சார்ஜ் வாயில் செருகுகிற இயர்போனும் ஒரு கன்வெர்ட்டரும் வைத்துக் கொடுத்தார்கள், அந்த மரியாதையாவது இருந்தது. 2020-இல் ஐபோன் 12 வந்தபோது இயர்போனையும் சார்ஜரையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கூகுள் 2016-இல் தன் முதல் பிக்ஸல் போனுக்கு, எங்களிடம் 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறது என்று ஆப்பிளைக் குத்தி விளம்பரம் செய்தது. அடுத்த வருடமே பிக்ஸல் 2-இல் எடுத்துவிட்டது. ஒன்பிளஸ் 6-இல் இருந்தது 2018-இல் வந்த 6டி-யில் இல்லை. சாம்சங் 2019-இல் நோட் 10-இல் எடுத்தது. திரும்பக் கொண்டுவந்தவர்களும் உண்டு: சோனி எக்ஸ்பீரியா 1-இல் இல்லாத ஜாக்கை 2020-இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2-இல் மறுபடி வைத்தார்கள். ஒன்பிளஸ் நார்ட் சி.இ.யில் 2021-இல் ஜாக் திரும்ப வந்தது. வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டால் திரும்பி வரும் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த 3.5 மி.மீ. பின் டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்திலிருந்து வருகிறது. 1979-இல் வந்த சோனி வாக்மேனிலும் இதேதான். அன்று வாங்கிய ஹெட்போனை இன்றைக்கு ஜாக் இருக்கிற எந்தப் போனில் செருகினாலும் பாடும். அப்படி ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் காரணம் பலமாக இருக்க வேண்டும்.

தினசரி பஸ்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன், ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் ட்யூட்டி முடிந்து திரும்பும்போது தவளக்குப்பம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நிற்கும், பாட்டு இல்லாவிட்டால் ரெட்டிச்சாவடிக்கு முன்னாலேயே தூங்கி ஆல்பேட்டையைத் தாண்டிவிடுவேன். நெக்பேண்டில் சார்ஜ் இருக்காது, அதுதான் என் பிரச்சினை. போனுக்குச் சார்ஜ் போட ஞாபகம் இருக்கிறது, வாட்ச்சுக்கு இருக்கிறது, இதற்கும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பெண்ணின் தலையில் எவ்வளவு இடம்தான் இருக்கும்? ஒயர் ஹெட்செட் என்றால் பையின் அடியில் கிடந்தாலும் எடுத்துச் செருகினால் பாடும்.

சரி, ஒரு சந்தேகம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் 80 ரூபாய்க்கு ஒரு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன். என் தங்கையின் பழைய போனில் பாடுகிறது, என் போனில் சத்தமே இல்லை. போன் பழுதா, கன்வெர்ட்டர் பழுதா?

நேருவீதி சர்வீஸ்

சகோதரி, இரண்டும் பழுது இல்லை. கன்வெர்ட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ஒயர். போனே ஒலியை அனலாகாக மாற்றி டைப்-சி வழியே அனுப்பினால் அது அப்படியே ஹெட்செட்டுக்குக் கொண்டுபோகும். அப்படி அனுப்பும் போன்கள் சில உண்டு, உங்கள் தங்கையின் போன் அந்த வகை. இன்னொன்று, உள்ளேயே டி.ஏ.சி. சிப் வைத்தது. போன் டிஜிட்டலாக அனுப்புவதை அந்தச் சிப் ஒலியாக மாற்றும். உங்கள் போன் டிஜிட்டல் மட்டும்தான் அனுப்புகிறது, அதனால் வெறும் ஒயர் ஊமையாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அட்டையிலும் பெரும்பாலும் எழுதியிருக்காது. டி.ஏ.சி. உள்ளது வேண்டும் என்று கேளுங்கள், உங்கள் போனிலேயே செருகிப் பாட வைத்துக் காட்டச் சொல்லி அப்புறம் காசு கொடுங்கள். இந்த ஒரு குழப்பத்தினால் மட்டும் எத்தனை பேர் போன் ரிப்பேர் என்று வந்து நிற்கிறார்கள் தெரியுமா? பழைய ஜாக்கில் இப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

மைக்செட் வில்லியனூர்

எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். கல்யாணம், காதுகுத்து, மாசி மகம் என்று மைக்செட் போடுகிற தொழில். முன்பெல்லாம் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு பாட்டு போடுங்கள் என்று போனை நீட்டுவார்கள், ஆக்ஸ் ஒயரைச் செருகினால் முடிந்தது. இப்போது வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஜாக் இல்லை. ப்ளூடூத்தில் இணைக்கச் சொல்வார்கள். மண்டபத்தில் நூற்றுக்கணக்கான போன், வைஃபை எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவான், மணமேடையில் பாட்டு விட்டு விட்டு இழுக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் போட வேண்டிய இடத்தில் சத்தம் அறுந்தால் திட்டு வாங்குவது நான்தான், போன் கம்பெனி இல்லை.

மிக்சருக்குப் பக்கத்தில் டி.ஏ.சி. கன்வெர்ட்டர் எப்போதும் தொங்குகிறது. லைட்னிங் ஒன்று, டைப்-சி ஒன்று. கூட்டத்தில் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி வாங்க வேண்டும். இந்தச் செலவை நான் யாரிடம் கேட்பது? பார்ட்டியிடம் பில்லில் போட முடியாது.

பாட்டு டீச்சர்

மைக்செட் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், வெளிநாட்டில் இருக்கும் சிலருக்கு ஆன்லைனில். போனில் சுருதி வைத்துக்கொண்டு தாளம் போட்டுப் பாடும்போது ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். சாதாரண பட்ஸில் 150, 200 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. சினிமா பார்க்கிறவருக்குத் தெரியாது, ஆப் அதற்கேற்றபடி படத்தையும் தாமதமாகக் காட்டிவிடும். துரித காலத்தில் ஸ்வரம் பாடுகிற பிள்ளைக்கு அது ஒரு ஸ்வரமே தள்ளிப் போகிறது. மைக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் மோசம், பட்ஸ் அழைப்பு முறைக்கு மாறி ஒலி போன் பேச்சு மாதிரி சுருங்கிவிடும், கமகம் கேட்காது. அதனால் என் மாணவர்களின் பெற்றோரிடம் ஒயர் ஹெட்செட்தான் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புது போன் வாங்கியவர்கள் எல்லோரும் இப்போது கன்வெர்ட்டர் தேடுகிறார்கள்.

திரைவாசிப்பு

எனக்குப் பார்வை இல்லை. போன் முழுவதையும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வழியாகக் காதால்தான் இயக்குகிறேன். பாட்டு டீச்சர் சொன்ன அதே தாமதம் எனக்கு ஒவ்வொரு விரல் தொடுதலிலும் வருகிறது. திரையில் விரலை நகர்த்தும்போது எந்தப் பொத்தான் மேல் இருக்கிறேன் என்று உடனே சொன்னால்தான் நான் அழுத்த முடியும். கால் விநாடி பிந்தினால் விரல் அடுத்த பொத்தானுக்குப் போயிருக்கும். சில நொடி அமைதியாக இருந்தால் பட்ஸ் தூங்கிவிடும், அடுத்து பேசும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடும். பணம் அனுப்புகிற ஆப்பில் 5,000 என்பதன் முதல் பாதி கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்பீக்கரில் வைத்துக் கேட்கலாமே என்று சொல்வார்கள். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு என் வங்கி இருப்பை ஊருக்கே படித்துக் காட்ட முடியுமா? எனக்கு ஒயர் ஹெட்செட் வசதிப் பொருள் இல்லை, அது இருந்தால்தான் நான் போனையே பயன்படுத்த முடியும். ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொண்டு இன்னொரு காதால் சாலையைக் கேட்கிறேன். கன்வெர்ட்டர் போட்டால் அந்த ஒரே வாய் போய்விடுகிறது, சார்ஜ் குறைந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜ் போட வேண்டும். அந்த நேரத்தில் நான் என்ன செய்வது?

லாஸ்பேட்டை பி.டெக்.

திரைவாசிப்பு சார் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த இடத்தில் ஜாக் வேண்டும்தான்.

ஆனால் புயல், எஃப்.எம். வாதத்தை இன்னும் ஏற்க முடியவில்லை. ஆகாசவாணி முழுதும் ஆப்பில் இருக்கிறது. அப்புறம் 2023-இல் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் செல் பிராட்காஸ்ட் சோதனை. புயல் வந்தால் இனி அரசாங்கமே நேராகப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ரேடியோவுக்கு என்ன வேலை?

முதுநகர்வாசி

தம்பி, அந்த எச்சரிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் அது டவரிலிருந்து வருகிறது. டவர் உயிரோடு இருக்கிற வரைதான் வரும். புயலுக்கு முன்னால் ஓடிப் போகச் சொல்ல அது போதும். புயலுக்குப் பின்னால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி அங்கேயே நின்றுகொண்டது, ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு முடியவில்லை. ஓரிரு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, மழை விட்ட பிறகு கடலூரை மூழ்கடித்தது. மழைதான் நின்றுவிட்டதே என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கரன்ட் இல்லாமல், நெட் இல்லாமல் இருக்கிறவருக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று யார் சொல்வது? ஆப் நெட்டைக் கேட்கும். எஃப்.எம்.முக்கு நெட் வேண்டாம், சிம் கூட வேண்டாம், பேட்டரியும் கொஞ்சம்தான் இழுக்கும்.

நல்லவாடு மீனவ கிராமத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், லாஸ்பேட்டையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் செய்தியைக் கேட்டு, மீன் தகவலும் அலை உயரமும் சொல்ல வைத்திருந்த கிராமத்து ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள், ஊர் பிழைத்தது. போன் ஒரு வழி, ஒலிபெருக்கி இன்னொரு வழி. இரண்டும் இருந்ததால்தான் நடந்தது. ஒன்று புதிதாக வந்துவிட்டது என்பதற்காக இருக்கிற வழியை அடைக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

2023-இல் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே கைபேசித் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு எழுதி, எஃப்.எம். இருக்கிற போனில் அதை முடக்காதீர்கள், இல்லாத போனில் சேர்க்கப் பாருங்கள் என்று அறிவுறுத்தியது. பேரிடர் காலத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அறிவுறுத்தல்தான், கட்டாயம் இல்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ரேடியோ பெட்டி

தொழில்நுட்பமாக ஒன்று. எஃப்.எம். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது, அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். ஒயர் ஹெட்செட் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதனால்தான் அவ்வளவு தெளிவாக எடுக்கிறது. சில பழைய போன்களில் ஹெட்செட் இல்லாமலே எடுக்கிற மாதிரி உள்ளே சின்ன ஆன்டெனா வைத்தார்கள், வீட்டுக்குள் நுழைந்தால் இரைச்சல்தான். டைப்-சி டி.ஏ.சி. கன்வெர்ட்டர் போட்டால் பொதுவாக அந்த ஆன்டெனா வேலை நடப்பதில்லை. இயர்போனைச் செருகவும் என்று ஆப் சொல்லிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் பாட்டுக்குத்தான் தீர்வு, ரேடியோவுக்கு இல்லை.

எனவே இப்போதைக்கு என் யோசனை: 500, 600 ரூபாய்க்கு செல் போடுகிற பாக்கெட் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஐப்பசி பிறந்ததும் செல் மாற்றி வையுங்கள்.

முதுநகர்வாசி

ஐயா, வீட்டுக்கு ஒன்று வைத்துவிட்டேன். ஆனால் முகாமுக்கு ஓடுகிறவர் கையில் எடுத்துக்கொள்வது ரேஷன் கார்டும் போனும்தான், ரேடியோவை எடுக்க மாட்டார். எப்போதும் சட்டைப் பையில் இருக்கிற பொருளிலேயே அது இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தச் சண்டை.

வாங்கப் போகிறவர்களுக்கு: விவரப் பக்கத்தில் 3.5 மி.மீ. ஜாக் என்றும் எஃப்.எம். ரேடியோ என்றும் தனித்தனியாகப் பாருங்கள். ஜாக் இருந்தும் எஃப்.எம். இல்லாத போன்கள் இருக்கின்றன. கடையில் டெமோ பீஸில் உங்கள் ஹெட்செட்டைச் செருகி ஒரு ஸ்டேஷன் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லை என்றால் எதனால் வாங்கவில்லை என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள், கம்பெனி ஆள் வரும்போது அவர் அதைத்தான் சொல்வார்.

தினசரி பஸ்

டி.ஏ.சி. உள்ளது வாங்கிவிட்டேன், 400 ரூபாய், கடையிலேயே செருகிப் பாட வைத்துத்தான் வாங்கினேன். ரொம்ப நன்றி அண்ணா. திரைவாசிப்பு சார் கேட்டதுதான் எனக்கும் கேள்வி, சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்க வழி உண்டா?

நேருவீதி சர்வீஸ்

உண்டு. இரண்டாகப் பிரிகிற கன்வெர்ட்டர் வருகிறது, ஒரு பக்கம் ஹெட்செட், ஒரு பக்கம் சார்ஜர். அதிலும் டி.ஏ.சி. இருக்கிறதா என்று பாருங்கள், சார்ஜ் எத்தனை வாட் ஏறும் என்றும் கேளுங்கள். மலிவானதில் வேகமாக ஏறாது, சிலது சூடாகும். திரைவாசிப்பு சார், உங்கள் போன் மாடலைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கடையில் இரண்டு மூன்று வகை இருக்கிறது, உங்கள் போனுக்கு எது ஒத்துப்போகும் என்று டாக்பேக் போட்டே பார்த்துச் சொல்கிறேன்.